கி-46 மாடல்: கோளாறு தெரியும் இடமும் பிறந்த இடமும்

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கில் எங்கள் வீட்டுப் பின்கட்டுக்குச் சனிக்கிழமை தோறும் நாலைந்து பிள்ளைகள் பிளாஸ்டிக் விமானம் கட்ட வருகிறார்கள். இந்த ஆண்டு எல்லோரும் ஒரே விமானத்தை எடுத்திருக்கிறோம். ஜப்பானிய இராணுவத்தின் கி-46 வேவு விமானம். நேச நாட்டுப் படைகள் அதற்கு வைத்த பெயர் ‘டைனா’. சண்டை போடுவதற்காகக் கட்டியதல்ல அது. உயரத்தில் வேகமாக வந்து, கீழே இருப்பதைப் பார்த்துப் படம் பிடித்து, யாரும் எட்டிப் பிடிப்பதற்குள் திரும்பிப் போவதற்காகக் கட்டியது.

இந்த விமானத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 1941 அக்டோபரில், இங்கே போர் தொடங்க இரண்டு மாதம்கூட இல்லாத நேரத்தில், சைகோனிலிருந்து கிளம்பிய ஒரு கி-46இல் சுஜி மசானோபு என்ற படைத் திட்ட அதிகாரி ஏறி வந்து, அலோர் ஸ்டார், சுங்கை பட்டாணி விமானத் திடல்களை மேலிருந்து பார்த்துவிட்டுப் போனார். டிசம்பர் 8ஆம் தேதி சுங்கை பட்டாணித் திடலில் குண்டு விழுந்தது. ரப்பர் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதை வேலைக்கு ஜப்பானியர் நம் ஆட்களைக் கொண்டுபோன காலமும் அதற்குப் பின்னால்தான் வந்தது. ‘அந்தப் பாழாய்ப்போன விமானத்தை ஏன் கட்டுகிறீர்கள்?’ என்று கேட்ட பெரியவர்கள் உண்டு. அவர்கள் கேட்டது நியாயம். நம் தலைக்கு மேல் எது பறந்தது என்று பிள்ளைகள் கையால் தொட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைக்கிறேன். அப்படிக் கட்டுவதென்றால் சரியாகக் கட்ட வேண்டும்.

பிள்ளைகள் என்னிடம் கொண்டுவரும் கோளாறுகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். பல வருடம் பார்த்ததில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. கோளாறு கண்ணில் படும் வேலையில் அது பெரும்பாலும் பிறந்திருக்காது. அதற்கு முந்தைய வேலையில், சில நேரம் அதற்கும் முந்தைய வேலையில் பிறந்திருக்கும். அதனால் கெட்ட இடத்தைத் தடவிக்கொண்டிருக்காமல், அதற்கு முன்னால் என்ன செய்தோம் என்று யோசியுங்கள்.

ஒட்டிய இடம் விட்டுப்போகிறது

பிளாஸ்டிக் மாடலுக்கான பசை உண்மையில் ஒட்டுவதில்லை. இரண்டு பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் மேலாகக் கரைக்கிறது. கரைத்த திரவம் ஆவியானதும் இரண்டும் ஒரே துண்டாகிவிடும். இடையில் பெயிண்ட் இருந்தால் பசை பெயிண்ட்டைத்தான் கரைக்கும், பிளாஸ்டிக்கை எட்டாது. விட்டுப்போன விளிம்பைப் பாருங்கள். அங்கே நிறம் இருந்தால் காரணம் அதுதான். கத்தியைச் செங்குத்தாகப் பிடித்து, வெறும் பிளாஸ்டிக் தெரியும்வரை சுரண்டிவிட்டு மறுபடி ஒட்டுங்கள்.

விளிம்பு சுத்தமாக இருந்தும் விட்டுப்போனால், அச்சிலிருந்து துண்டு எளிதாகக் கழன்று வருவதற்காகப் பூசிய எண்ணெய் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். பெட்டியைத் திறந்ததும் முதல் வேலையாகத் துண்டுகளை, அவை மாட்டியிருக்கும் சட்டத்தோடேயே பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு, வெதுவெதுப்பான நீரில் கழுவிக் காயவிடுங்கள். இதைச் செய்யாதவர்கள் பின்னால் பெயிண்ட் உரியும்போதும் என்னிடம் வருவார்கள்.

இறக்கைக்கும் உடலுக்கும் நடுவே இடைவெளி

இதைப் பார்த்ததும் எல்லோரும் இடைவெளியை அடைக்கும் புட்டியை எடுக்கிறார்கள். பொறுங்கள். ஒட்டுவதற்கு முன்பே கண்டுபிடித்திருந்தால் புட்டியே வேண்டாம். உடலின் இரண்டு பாதிகளுக்கு நடுவே இருக்கும் காக்பிட் தளம், பெயிண்ட் ஏறியதும் ஒரு நூல் தடித்துவிடும். அது உடலை விரித்துத் தள்ளினாலும் சிக்கல், உடல் உள்வாங்கி இறக்கைக்கு எட்டாமல் போனாலும் சிக்கல். இறக்கையைப் பசையில்லாமல் வைத்துப் பாருங்கள். மேலே மட்டும் இடைவெளி இருந்தால் இறக்கை நுனி தாழ்ந்திருக்கிறது, டேப் போட்டு நுனியைத் தூக்கி இழுத்து ஒட்டினால் மூடிக்கொள்ளும். முழு நீளத்துக்கும் இடைவெளி என்றால் உடல்தான் குறுகியிருக்கிறது. வெட்டி எறிந்த சட்டத்தில் ஒரு துண்டை எடுத்து உடலுக்குள் குறுக்கே முட்டுக்கொடுத்து விரியுங்கள்.

ஏற்கெனவே ஒட்டி முடித்துவிட்டீர்கள், இடைவெளியும் மெல்லியதுதான் என்றால், வெள்ளைப் பசையைப் பல்குச்சியால் கோட்டில் இழுத்துவிட்டு, ஈரப் பஞ்சுக் குச்சியால் ஒரே இழுப்பில் துடையுங்கள். கோட்டுக்குள் இருப்பது மட்டும் தங்கும். உப்புத்தாள் போடத் தேவையில்லை, பக்கத்தில் இருக்கும் தகடுக் கோடுகளும் தேயாது.

இறக்கை காயும் நேரத்தில் இரண்டு நுனிக்கும் கீழே பத்து சென் காசுகளை அடுக்கிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை வர வேண்டும். உண்மையான விமானத்தின் இறக்கை 14.7 மீட்டர், 72இல் ஒரு பங்கு மாடலில் 20 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். இரண்டு எஞ்சின் கூடுகளும் அந்த இறக்கையில்தான் உட்காருகின்றன. இங்கே ஒரு காசு கனம் பிசகினால் கூடு, சக்கரம், புரொப்பெல்லர் எல்லாம் ஒரு பக்கம் சாயும். இடைவெளியை யாரும் கவனிக்காமல் போகலாம். சாய்வு கூடத்து வாசலில் நின்று பார்ப்பவருக்கும் தெரிந்துவிடும்.

தேய்த்து மறைத்த கோடு மறுபடி தெரிகிறது

சனிக்கிழமை வழவழவென்று இருந்த உடம்பில் அடுத்த சனிக்கிழமை மெல்லிய பள்ளம் தெரியும். அவசரம்தான் காரணம். பசை கரைத்த பிளாஸ்டிக்கும் புட்டியும் காயக் காயச் சுருங்கும். மேலே தொட்டால் காய்ந்தது போல் இருக்கும், உள்ளே இன்னும் கரைப்பான் இருக்கும். அந்த நிலையில் தேய்த்து மட்டமாக்கினால் மீதி ஆவியானதும் பள்ளம் விழும். ஒட்டிய கோட்டை ஒரு வாரம் விட்டுவைத்துத்தான் தேய்க்க வேண்டும் என்பது எங்கள் பின்கட்டுச் சட்டம்.

ஒரு வாரம் பொறுக்க முடியாதவர்கள் சூப்பர் குளூவைப் புட்டி போலப் பயன்படுத்தலாம், அது சுருங்காது. ஆனால் அன்றே தேய்த்துவிடுங்கள். நாள் ஆக ஆக அது பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகிவிடும். அப்புறம் உப்புத்தாள் பக்கத்துப் பிளாஸ்டிக்கைத் தின்னுமே தவிர அந்தக் கோட்டைத் தொடாது. சூப்பர் குளூவுக்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு, அதைக் கீழே சொல்கிறேன்.

கண்ணாடி மூக்கில் வெள்ளைப் புகை படிந்திருக்கிறது

இந்த விமானத்தின் முகமே அந்தக் கண்ணாடிதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். கி-46இன் இரண்டாம் வகையில் விமானிக்கு முன்னால் படி போல ஒரு மடிப்பு இருந்தது. மூன்றாம் வகையில் அந்தப் படியை எடுத்துவிட்டு, மூக்கிலிருந்து விமானியின் தலைக்கு மேல் வரை ஒரே வளைவாகக் கண்ணாடி வைத்தார்கள். விமானி முன்னால், நோக்காளர் தள்ளிப் பின்னால், நடுவே எரிபொருள் தொட்டி. ஒரே விமானத்தில் இருவர் தனித்தனிக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து போனது போலத்தான். மொத்தம் 1,742 கட்டினார்கள். அவற்றில் முழுதாக மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. மூன்றாம் வகையைச் சேர்ந்த அந்த விமானத்தைப் போர் முடிந்ததும் மலாயாவில் கைப்பற்றி, ஜோகூர் தெப்ராவில் பறக்கவிட்டுச் சோதித்து, கப்பலில் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள். இப்போது அங்கே விமானப்படை அருங்காட்சியகத்தின் சொத்து. அதன் படங்களைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். அந்த வளைவு எவ்வளவு தெளிவாக இருக்க வேண்டும் என்பது புரியும்.

சரி, புகைக்கு வருவோம். அது சூப்பர் குளூவின் வேலை. அந்தப் பசை காயும்போது எழும் ஆவி, காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து வெள்ளைத் தூளாகி அருகிலுள்ள வழவழப்பான இடத்தில் படிகிறது. நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. போலீசார் பொருள்கள் மேல் உள்ள கைரேகையை வெளிக்கொண்டுவரப் பயன்படுத்துவதும் இதே ஆவியைத்தான். ஆகவே கண்ணாடிக்குள் உங்கள் கட்டைவிரல் ரேகை வெள்ளையாகத் தெரிந்தாலும் காரணம் இதுவே.

‘கண்ணாடியை நான் வெள்ளைப் பசையால்தான் ஒட்டினேன் அங்கிள்’ என்று ஒரு பையன் அழாத குறையாகச் சொன்னான். அவன் சொன்னது பொய்யில்லை. முதல் நாள் இரவு நோக்காளரின் நாற்காலி கழன்றுவிட்டது என்று ஒரு சொட்டு சூப்பர் குளூ வைத்திருக்கிறான். காலையில் கண்ணாடியை மூடியிருக்கிறான். உள்ளே மிச்சமிருந்த ஆவிக்கு வெளியேற வழியில்லை. கண்ணாடியை மூடுவதற்கு முன்பு காக்பிட்டில் சூப்பர் குளூ பட்டிருந்தால், குறைந்தது ஒரு முழு நாள் திறந்து போட்டு வையுங்கள். முடிந்தால் காக்பிட் பக்கமே அதைக் கொண்டுபோகாதீர்கள்.

சரிசெய்ய வழி உண்டு. வெள்ளைப் பசை தண்ணீருக்கு இளகும். ஈரப் பஞ்சுக் குச்சியால் விளிம்பைச் சுற்றி நனைத்து, கொஞ்ச நேரம் விட்டு, நகத்தால் மெதுவாக நெம்பினால் கண்ணாடி கையோடு வந்துவிடும். மெல்லிய புகையாக இருந்தால் நிறமில்லாத அக்ரிலிக் தரைப் பாலிஷில் கண்ணாடியை முக்கி எடுத்து, ஓரத்தில் தேங்கும் சொட்டைத் திசுத்தாளால் உறிஞ்சி, ஒரு கோப்பையால் மூடி இரவு முழுக்கக் காயவிடுங்கள். புகை மறைந்துவிடும். தடித்துப் படிந்திருந்தால் முதலில் 2000 எண் உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டு இதமாகத் தேய்த்து, பற்பசையால் மெருகேற்றி, அதன்பிறகு பாலிஷில் முக்குங்கள்.

புகையாக இல்லாமல் மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிந்தால் விஷயம் வேறு. பிளாஸ்டிக் பசை பட்டிருக்கிறது, அல்லது சட்டத்திலிருந்து கண்ணாடியைக் கட்டரால் நறுக்கென்று வெட்டியிருக்கிறீர்கள். கண்ணாடித் துண்டின் பிளாஸ்டிக் மற்றதைவிட நொறுங்கும் தன்மை கொண்டது. மெல்லிய ரம்பத்தால் அறுத்து எடுப்பதே நல்லது. வெடிப்பை மறைக்க நான் ஒரு வழியும் கண்டதில்லை. கிட் தயாரித்த கம்பெனியிடம் மாற்றுத் துண்டு கேட்டு எழுதுங்கள்.

கண்ணாடிச் சட்டங்களில் பெயிண்ட் கசிகிறது

டேப் ஒட்டிய விளிம்பில் கசிந்திருந்தால், ஒட்டியபின் பல்குச்சியால் ஓரத்தை அழுத்தித் தேய்க்காமல் விட்டிருக்கிறீர்கள். அல்லது முதல் பூச்சையே ஈரமாக அடித்திருக்கிறீர்கள். முதலில் காக்பிட் உள்நிறத்தை மெல்லியதாக அடியுங்கள். உள்ளிருந்து பார்த்தால் சட்டத்துக்கு அந்த நிறம் கிடைக்கும், கசிவதற்கிருந்த இடுக்கையும் அதுவே அடைத்துவிடும். அதன்மேல் வெளிநிறம்.

இந்த மூக்கில் வளைந்த சட்டங்கள் நிறைய. டேப் வளைய மறுக்கும் இடங்களுக்குப் பூசிக் காயவிட்டு உரிக்கும் திரவம் விற்கிறார்கள். சில வகைகளைத் திறந்ததும் வரும் வாடை தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு உடனே தெரியும். ரப்பர் பால், அது உறையாமல் இருக்க அமோனியா. ஸ்டோருக்குப் போன பால் வாளியின் அதே வாடை. முதன்முதலில் அந்தப் பாட்டிலைத் திறந்தபோது எனக்கு என் அப்பா வேலை முடிந்து வந்த சட்டை ஞாபகம் வந்தது. ‘அப்படியென்றால் காட்டுப் பாலையே பூசலாமா?’ என்று பிள்ளைகள் கேட்டார்கள். வேண்டாம். மரத்திலிருந்து இறக்கிய பால் சில மணி நேரத்தில் தானே உறைந்து திரிந்துவிடும், ஒரே கனமாகப் பரவாது, காய்ந்தபின் பிசுபிசுப்பும் மஞ்சளும் விட்டுப்போகும்.

பாட்டிலில் வரும் பாலிலும் கவனம் வேண்டும். அமோனியா அக்ரிலிக்கைக் கரைக்கும். மேலே சொன்ன தரைப் பாலிஷில் முக்கிய கண்ணாடியின் மேல் இதைப் பூசினால், உரிக்கும்போது பாலிஷும் திட்டுத் திட்டாக வரும். கண்ணாடி புள்ளி விழுந்து கெட்டுவிட்டது என்று கொண்டுவருபவர்களில் பாதிப்பேருக்கு இதுதான் நடந்திருக்கிறது. பாலிஷ் போட்ட கண்ணாடிக்கு டேப்பைத்தான் மெல்லிய கீற்றுகளாக நறுக்கி வளைத்து ஒட்ட வேண்டும். பால் பூசியதை இரண்டு நாளுக்கு மேல் விட்டும் வைக்காதீர்கள், ஒட்டிப் பிடித்துக்கொள்ளும்.

பெயிண்ட் அடித்ததும் வெளுத்துப் பனி படர்ந்தது போலாகிறது

பச்சை அடித்தேன், கண்ணெதிரே சாம்பல் பூத்தது என்பார்கள். பெயிண்டைக் குறை சொல்லாதீர்கள். லாக்கர் பெயிண்டின் தின்னர் மிக வேகமாக ஆவியாகும். வேகமாக ஆவியாகும் எதுவும் தான் இருக்கும் இடத்தைக் குளிர்விக்கும். குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் நீராகப் படியும். ஐஸ் கோப்பிக் குவளைக்கு வெளியே வேர்ப்பது போல. அந்த நீர் காயாத பெயிண்டுக்குள் மாட்டிக்கொள்வதுதான் வெளுப்பு.

ஜெராய் மலை மேகத்துக்குள் போய்விட்டால் நான் லாக்கரைத் திறப்பதில்லை. பத்திருபது ரிங்கிட்டுக்கு ஈரமானி கிடைக்கிறது, ஒன்று வாங்கி மாட்டுங்கள். எங்கள் பின்கட்டில் முள் 75ஐத் தாண்டினால் அன்றைக்கு உப்புத்தாள் வேலை மட்டும்தான். மழை விட்ட சாயங்காலம்தான் மோசமான நேரம், குளுகுளுவென்று இருக்கிறதே என்று பிள்ளைகள் அப்போதுதான் அடிக்க ஆசைப்படுவார்கள். வெயில் ஏறிய பின் காலை பதினொன்றிலிருந்து மூன்று வரை நல்ல நேரம். கெடாவில் ஜனவரி, பிப்ரவரி வறண்ட மாதங்கள். பெரிய பரப்புகளை முடிந்தால் அப்போதைக்கு ஒதுக்கி வைக்கிறேன்.

வெளுத்ததைத் தேய்த்து எடுக்க வேண்டாம். நன்றாக வெயில் அடிக்கும் நேரத்தில், மெதுவாக ஆவியாகும் தின்னரை, மிஸ்டர் கலர் லெவலிங் தின்னர் போன்றதை, வெறும் தின்னராகவே மெல்லிய தூறலாக அதன்மேல் அடியுங்கள். பெயிண்ட் சற்றே இளகி, மாட்டிக்கொண்ட நீர் வெளியேறி, நிறம் திரும்பிவிடும். முதல் தடவை பார்ப்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். அடுத்த முறை பெயிண்ட் கலக்கும்போதே அந்தத் தின்னரைப் பயன்படுத்துங்கள்.

வெளுப்பு இல்லாமல் சின்னச் சின்னக் குழிகளாக வந்தால், ஈரம் கம்ப்ரசருக்குள் இருக்கிறது. அழுத்திய காற்றிலிருந்து நீர் பிரிந்து குழாய் வழியாக, பெயிண்டைத் தூவும் ஏர்பிரஷுக்கு வந்து துப்புகிறது. நீர் பிரிக்கும் கிண்ணம் இல்லாத கம்ப்ரசரை வாங்காதீர்கள். இருந்தால் அதைத் திறந்து வடியுங்கள், தொட்டியின் அடித் திருகையும் திறந்துவிடுங்கள்.

மணல் தூவியது போல் சொரசொரப்பு

பெயிண்ட் துளி மாடலைத் தொடுவதற்கு முன்பே காற்றில் காய்ந்துவிடுகிறது. தூரமாகப் பிடித்திருக்கிறீர்கள், அழுத்தம் அதிகம், அல்லது பெயிண்ட் கெட்டி. பால் பதத்துக்குக் கலக்கு என்று எழுதியிருப்பார்கள். அது பசும்பால் பதம். எங்கள் பிள்ளை ஒருவன் பால்மரத்துப் பாலை நினைத்துக் கெட்டியாகக் கலக்கிவிட்டான், தோட்டத்துப் பிள்ளைக்குப் பால் என்றால் அதுதானே முதலில் ஞாபகம் வரும். கோப்பையின் உட்சுவரில் ஏற்றிவிட்டால் வழுக்கி இறங்கி, மெல்லிய நிறத்தை விட்டுப்போக வேண்டும். சொரசொரப்பை 2000 எண் தாளால் ஈரத்தோடு தடவிவிட்டு மறுபடி அடியுங்கள்.

பெயிண்ட் சுருங்கிப் பாம்புச் சட்டை போல் ஆனால் காயாத எனாமலின் மேல் லாக்கர் அடித்திருக்கிறீர்கள். அதை முழுக்கக் கழற்றி எடுப்பதைத் தவிர வழியில்லை. கீழே லாக்கர், நடுவே அக்ரிலிக், மேலே எனாமல் என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

டேப்பை எடுத்தால் பெயிண்டும் வருகிறது

கழுவாத பிளாஸ்டிக், பிரைமர் என்ற அடிப்பூச்சு இல்லாத பிளாஸ்டிக், எண்ணெய்க் கை. இந்த மூன்றில் ஒன்று. உரிந்த இடம் விரல் அளவில் வட்டமாக இருந்தால் கையைச் சந்தேகியுங்கள். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வரும் பிள்ளைகள் நெற்றியைத் துடைத்த கையோடு இறக்கையைப் பிடிப்பார்கள். பிரைமருக்கு முன்னால் சோப்பு நீர், அதன்பிறகு பஞ்சுக் கையுறை. புதிய டேப்பை முதலில் உள்ளங்கையில் ஒருமுறை ஒட்டி எடுத்தால் பிசின் வேகம் தணியும் என்று சிலர் சொல்வார்கள். கையில் எண்ணெய் இருக்கும் ஊரில் அது வேண்டாம். கண்ணாடிப் பலகையில் ஒட்டி எடுங்கள்.

இறக்கையின் மஞ்சள் அழுக்காகத் தெரிகிறது

ஜப்பானிய இராணுவ விமானங்களின் இறக்கை முன்விளிம்பில், தங்கள் ஆட்கள் அடையாளம் கண்டுகொள்வதற்காக மஞ்சள் பட்டை போட்டார்கள். மஞ்சளுக்குக் கீழே இருப்பதை மறைக்கும் வலு இல்லை. பச்சை மேல் மஞ்சள் அடித்தால் வாடிய வாழை இலை நிறம்தான் வரும். முதலில் வெள்ளை, அதன்மேல் மஞ்சள், அதை டேப்பால் மூடிவிட்டு அப்புறம் பச்சையோ சாம்பலோ. ஏற்கெனவே பச்சை அடித்துவிட்டிருந்தால் பட்டை வரும் இடத்தில் மட்டும் வெள்ளை போட்டு மூடுங்கள்.

முழு விமானத்துக்கும் எந்தச் சாம்பல் என்று சண்டை போட வேண்டாம். முற்பகுதியில் பச்சை கலந்த வெளிர்சாம்பல் உடம்பு முழுக்க, பிற்காலத்தில் பலவற்றுக்கு மேலே கரும்பச்சை. நீங்கள் எடுக்கும் விமானத்தின் காலத்தைப் பார்த்து அடியுங்கள்.

சிவப்பு வட்டத்தைச் சுற்றி வெள்ளி மினுமினுப்பு

தண்ணீரில் நனைத்து ஒட்டும் படமான டீகாலின் ஒளிபுகும் ஓரம் வெள்ளியாக மினுங்கினால், அதன் கீழே காற்று இருக்கிறது. பளபளப்பில்லாத மேட் பெயிண்ட் நுண்ணிய மேடு பள்ளமானது, டீகால் மேட்டின் மேல் மட்டும் உட்கார்ந்து பள்ளங்களில் காற்றை அடைத்துவிடும். அதனால் குற்றம் டீகாலில் இல்லை, அதற்கு முன்னால் பளபளப்பு வார்னிஷ் அடிக்காததில் இருக்கிறது. இப்போது செய்யக்கூடியது: மெல்லிய ஊசியால் மினுங்கும் இடத்தில் பல துளைகள் குத்தி, மார்க் சாஃப்டர் போன்ற இளக்கும் திரவத்தை ஒரு சொட்டு வையுங்கள். ஊறி இறங்கும். மறுநாள் மீண்டும் ஒருமுறை. அந்தத் திரவம் பட்டதும் டீகால் சுருங்கிக் கோணலாகும், அப்போது பயந்துபோய்த் தொட்டுவிடாதீர்கள். காயும்போது தானே விரிந்து படியும். தொட்டால் கிழியும்.

பழைய கிட்டில் டீகால் தண்ணீரில் இட்டதும் துண்டு துண்டாகப் போகும். பட்டணத்துக் கடையில் வருடக்கணக்காகக் கிடந்த பெட்டி என்றால், தேவையில்லாத ஒரு சின்ன எழுத்தை முதலில் நனைத்துப் பாருங்கள். உடைந்தால், மீதித் தாள் முழுக்க நிறமில்லாத வார்னிஷ் அடித்துக் காயவைத்து, ஒவ்வொரு படத்தையும் ஓரத்தை ஒட்டி வெட்டி எடுத்துப் பயன்படுத்துங்கள். தாள் மஞ்சளாகியிருந்தால் பிளாஸ்டிக் பையில் போட்டு, வெயில் விழும் ஜன்னலில் சில நாள் ஒட்டிவையுங்கள், பெரும்பாலும் வெளுத்துவிடும். சிவப்பு வட்டத்தை மட்டும் டீகாலை நம்பாமல், டேப்பில் வட்டம் வெட்டி பெயிண்டாகவே அடிக்கச் சொல்வேன். வட்டம்தானே, எழுத்தில்லை.

நிறுத்தினால் ஒரு பக்கம் சாய்கிறது

பின்சக்கரத்தில் உட்காரும் விமானம் இது, மூக்கில் எடை வைக்கத் தேவையில்லை. சாய்ந்தால் கால்களைப் பாருங்கள். இரண்டு காலையும் ஒரே நாளில், மெதுவாகக் காயும் பசையால், சமமான கண்ணாடித் தட்டின் மேல் நிறுத்தி ஒட்டுங்கள். இன்றைக்கு ஒன்று, அடுத்த வாரம் ஒன்று என்று ஒட்டியவர்களுக்குத்தான் சாய்கிறது. கால் சரியாக இருந்தும் சாய்ந்தால் இறக்கைக்குப் போங்கள், காசு அடுக்கிப் பார்த்தோமே, அங்கே.

இறக்கையே வளைந்திருந்தால் மத்தியான வெயிலில் காரின் கண்ணாடிக்குப் பின்னால் பெட்டியை வைத்தீர்களா என்று யோசியுங்கள். ஒட்டாத இறக்கை என்றால் கொதிக்காத சுடுநீரில் சற்று நேரம் முக்கி, கையால் நேராக்கி, குளிர்ந்த நீரில் பிடித்தால் நிலைத்துவிடும்.

ஏரியல் கம்பி தொய்கிறது

நூல் கட்டினால் நம் ஈரத்தில் ஒரு மாதத்தில் தொய்ந்துவிடும். மிஞ்சிய சட்டத்துண்டை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே, சுடரில் படாமல், உருட்டிக்கொண்டே காட்டி, நடுவே பளபளப்பு வந்ததும் வெளியே எடுத்து இரண்டு கையாலும் இழுங்கள். தலைமுடி கனத்தில் கம்பி வரும். முதல் ஐந்தாறு தடவை அறுந்துபோகும், தொடர்ந்து இழுங்கள். ஒரு முனையை ஒட்டிக் காயவிட்டு, மறுமுனையைச் சற்றுத் தொய்வாகவே ஒட்டுங்கள். அதுவும் காய்ந்தபின் ஓர் ஊதுபத்தியைப் பற்றவைத்து, சாம்பலைத் தட்டிவிட்டு, கனலைக் கம்பிக்குக் கீழே ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்து, முனையிலிருந்து முனைக்கு மெதுவாக நகர்த்துங்கள். சூடு பட்ட கம்பி சுருங்கி விறைத்துக்கொள்ளும். விறைத்த மறுகணம் ஊதுபத்தியை எடுத்துவிடுங்கள்.